அத்தையின் எடை

லிஃப்டில் ஓவர்லோடு மணி அடித்தால் கடைசியாக ஏறியவர் இறங்க வேண்டும். அதுதான் நியாயம். ஆனால் ஒருவரும் இறங்க மாட்டார்கள். மணி பக்கத்து ஆளுக்குத்தான் அடிக்கிறது என்ற நினைப்பில் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். மனிதர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தப் பெட்டிக்குள் நின்று கற்றுக்கொண்டது. அதையும் கற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அத்தை, அதாவது என் மாமியார், இருக்கும் ஊரில் ஒரே ஒரு ஆஸ்பத்திரி, அதில் ஒரே ஒரு லிஃப்ட். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எங்கள் கம்பெனியுடையது. கம்பெனியில் வேறு யாருக்கும் அந்த ஊருக்குப் போகப் பிடிக்காததால் என்னுடையது. மலையைச் சுற்றிக்கொண்டு போகிற சாலையில் போனால் இடுப்பு கழன்றுவிடும். அதனால் விமானத்தில்தான் போய் வருவேன். விமானம் என்றதும் ஏதேதோ கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பத்தொன்பது இருக்கை, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறி, நிமிர்ந்தால் தலை இடிக்கும் கூரை. பணிப்பெண் கிடையாது. பைலட் அறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான். வெயில் காலத்தில் அதையும் சுருட்டிக் கட்டிவிடுவார்கள். கேப்டனின் முதுகில் சட்டை நனைவதைப் பார்த்துக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம்.

பெரிய விமானத்தில் பெட்டியை மட்டும் எடை போடுவார்கள். இதில் ஆளையும் போடுவார்கள். பையைத் தனியாக, ஆளைத் தனியாக. தராசில் ஏறி நின்றால் எதிர்ச் சுவரில் சிவப்பு எண் எரியும். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் பார்க்கலாம். கௌரவமான மனிதர்கள் அந்த இடத்தில் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மூச்சுக்கு எடை கிடையாது என்று அவர்களிடம் யார் சொல்வது?

என் மனைவிக்கு இந்தத் தராசின் மேல் அபார நம்பிக்கை. அவள் அம்மா போனில் எப்போது பேசினாலும் "எனக்கென்ன, குண்டுக்கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். காய்ச்சலில் கிடக்கும்போதும் அதையேதான் சொல்வார். அதனால் அத்தை எங்களைப் பார்க்கப் புறப்படும் ஒவ்வொரு முறையும் சுவரில் எரிந்த எண்ணை நான் அங்கிருந்தே போன் பண்ணிச் சொல்லிவிட வேண்டும். ஐம்பத்தேழு, இல்லையென்றால் ஐம்பத்தெட்டு. அதைக் கேட்ட பிறகுதான் இவளுக்குச் சோறு இறங்கும். அத்தைக்கும் இது தெரியும். "உளவு சொல்லியாச்சா மாப்பிள்ளை?" என்று சிரிப்பார்.

இந்த முறை அந்த எண்ணை நம்பி நாங்கள் எல்லோருமே இருந்தோம். என் மனைவிக்கு ஏழாவது மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது, கட்டிலை விட்டு எழுந்திருக்கவே கூடாது, மனதில் எதையும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுப் போய்விடலாம், அவருக்கென்ன. சமைப்பது, துவைப்பது, இவளைக் குளிப்பாட்டுவது, நடுவில் லிஃப்டுகள் என்று நான் அரை உயிராகியிருந்தேன். அத்தை வந்துவிட்டால் போதும் என்று நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இவளுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு அம்மாளை இருக்கச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலையாக முந்தைய நாளே அந்த ஊருக்கு வந்திருந்தேன். அன்று காலையில் போனில் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா குரல் சரியில்லைங்க. இழுத்து இழுத்துப் பேசறாங்க. எண்ணைப் பாத்து உள்ளது உள்ளபடி சொல்லுங்க."

"நான் என்னிக்கு மாத்திச் சொன்னேன்?"

"உங்களுக்குப் பொய் வராது. குரல்லயே தெரிஞ்சிடும். அதனாலதான் உங்களை நம்பிக் கேக்கறேன். அந்த எண்ணு மட்டும் நல்லா இருந்துட்டா நான் பாட்டுக்குத் தூங்குவேன்."

அத்தையின் வீடு இரண்டு அறை. முன்னறையில் தையல் மெஷின். பள்ளிக்கூடச் சீருடை தைத்தே மகளை வளர்த்தவர். போய் நின்றபோது மெஷினுக்கு உறை போட்டு, ஜன்னல்களைச் சாத்தி, புறப்படத் தயாராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலில் உடம்பில் ஒரு பஞ்சுக் கோட்டு. கழுத்திலிருந்து முழங்கால் வரை பட்டை பட்டையாகத் தையல் ஓடிய, பருமனான கோட்டு. எனக்குப் பார்க்கும்போதே வியர்த்தது.

"என்ன அத்தை இது? வெளியில நெருப்பா கொட்டுது."

"ப்ளேன்ல குளிரும் மாப்பிள்ளை. நானே தைச்சேன். நல்லா இருக்கா?"

"அந்த ப்ளேன்ல குளிருமா? அதுல ஏசியே கிடையாது."

"உங்களுக்குக் குளிராது. வயசானா குளிரும்."

கன்னம் ஒட்டியிருந்தது. கேட்டேன். கீழே இரண்டு பல்லைப் பிடுங்கியாயிற்று, அதனால்தான் அப்படித் தெரிகிறது என்றார். பல் போனால் கன்னம் ஒட்டத்தானே செய்யும் என்று நானும் விட்டுவிட்டேன். முந்தைய இரவு முழுக்க ஆஸ்பத்திரி லிஃப்டின் கயிற்றோடு மல்லுக்கட்டியிருந்தேன். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிட்டுப் போய்ப் படுக்கலாம் என்கிற நிலை.

வாசலிலிருந்து டாக்சிக்கு நடப்பதற்குள் அத்தை இரண்டு இடத்தில் நின்றார். டாக்சியிலிருந்து விமான நிலையக் கூடத்துக்குப் போவதற்குள் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை, காலி டிராலியைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை. "கோட்டைக் கழட்டிக் குடுங்க அத்தை, நான் வெச்சுக்கறேன்" என்றேன். இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு எரிச்சல் மூக்குக்கு மேல் வந்தது. வாசல் காவலாளி பீப் அடிக்கிற கட்டையைக் கோட்டின் மேல் தடவினான். அது அடிக்கவில்லை. "உள்ள போங்கம்மா" என்றான்.

கூடம் ஒரு கல்யாணச் சத்திரத்துச் சமையல்கட்டு அளவுகூட இருக்காது. மேலே ஒரே மின்விசிறி. அது சுற்றுவதே நம்மைக் கேட்டுக்கொண்டுதான். கவுண்டரில் இருப்பவர் ஒருவர்தான். டிக்கெட் பார்ப்பவர், எடை போடுபவர், மூட்டை ஏற்றுபவர் எல்லாம் அவரே. எனக்குப் பழக்கம். மனதுக்குள் அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் தராசு.

அத்தை தராசில் ஏறினார். எண் கொஞ்சம் தள்ளாடி நின்றது. ஐம்பத்தைந்து.

உண்மையைச் சொல்கிறேன், அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியில் கண் கலங்கிவிட்டது. உடனே போனை எடுத்தேன்.

"அம்பத்தஞ்சு."

"என்ன போட்டிருக்காங்க?"

"ஒரு பஞ்சுக் கோட்டு."

"அதுக்கு ஒரு கிலோ கழிச்சிடுங்க. அம்பத்து நாலு. குறைஞ்சிருக்கு. ஆனா பரவால்ல. நான் என்னென்னமோ நினைச்சுட்டேன். அப்பாடா. அம்மாவைப் பத்திரமா கூட்டிட்டு வாங்க."

"உளவு சொல்லியாச்சா?" என்றார் அத்தை. சொல்லியாச்சு என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். எப்போதும் போலச் சிரிக்கவில்லை.

வெயில் ஏறிக்கொண்டே போனது. வெயில் ஏறினால் காற்று இளகிவிடும், விசிறிக்குப் பிடிமானம் கிடைக்காது. அந்த ஊர் ஓடுபாதையோ குட்டை, முடிகிற இடத்தில் மரங்கள் வேறு. ஆகவே வெயில் நாளில் விமானம் குறைவாகத்தான் சுமக்கும். கேப்டன் வெளியே போய்க் கையை நெற்றியில் வைத்து மரங்களைப் பார்த்தார், உள்ளே வந்து தராசுடன் தலையோடு தலை வைத்துக் கணக்குப் பார்த்தார். முதலில் எங்கள் பெட்டிகளை இறக்கினார்கள். அடுத்த விமானத்தில் வரும் என்றார்கள். மீதி இருந்த சரக்கு ஐஸ் வைத்த மருந்துப் பெட்டிகள். அதில் கை வைக்க முடியாது. அப்படியும் எட்டு கிலோ அதிகம்.

"யாராவது ஒருத்தர் நாளன்னைக்குப் போறீங்களா?" என்று கேட்டார் தராசு.

லிஃப்டில் மேலே பார்ப்பார்கள் என்றேன் அல்லவா, இங்கே எல்லோரும் கீழே பார்த்தார்கள். நானும்தான். என் செருப்பை அவ்வளவு அக்கறையாக நான் அதுவரை பார்த்ததில்லை.

"அப்போ கடைசியா வந்தவர்தான் நிக்கணும்" என்று சொல்லித் தராசு ஒருவரைக் கை காட்டினார்.

அவர் ஒரு பேக்கரிக்காரர். மைதா படிந்த ஷூவோடு ஓடி வந்து சேர்ந்தவர், கனத்த உடம்பு. எழுந்து நின்றார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் தேவலை.

"நாளைக்குக் காலையில என் சம்சாரத்துக்கு ஆபரேஷன்ங்க. நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்லியிருக்கேன்."

"புரியுது சார். ரூல் அப்படி."

"எட்டு கிலோதானே?" என்று சொல்லிவிட்டு ஷூவைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றினார். பர்ஸ், சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் கவுண்டரில் வைத்துவிட்டு, ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்தபடி தராசில் ஏறினார். எண் இரண்டு கிலோ இறங்கியது. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார், இன்னும் இறங்கும் என்று. பிறகு இறங்கி ஷூவை மாட்டக் குனிந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பாவமாக இருந்தது, அதைவிட அதிகமாக, நான் இல்லையே என்றும் இருந்தது.

பக்கத்தில் அத்தை எழுந்தார். பெஞ்சின் கையைப் பிடித்து, முட்டியில் கை ஊன்றி, கவுண்டருக்கு நடந்தார்.

"தம்பி, கத்தரிக்கோல் இருக்கா?"

"எதுக்கும்மா?"

"குடுங்களேன்."

கத்தரியை வாங்கிக் கோட்டின் கீழ்மடிப்பில் ஓர் இடத்தில் நுனியை விட்டு நறுக்கினார். தையலைப் பிரிப்பது அவருக்குக் கை வந்த வேலை; ஒரு இழுப்பில் நூல் முழுக்க வந்துவிட்டது. மணல் கொட்டியது. சலித்த, காய்ந்த, பொடி மணல். முதல் பட்டையில் இருந்தது தீர்ந்ததும் அடுத்த பட்டையைப் பிரித்தார். மணல் சிமெண்ட் தரையில் விழுகிற சத்தம் தவிர அந்தக் கூடத்தில் வேறு சத்தம் இல்லை. ஆற்றில் அள்ளி, சலித்து, காய வைத்து, பட்டை பட்டையாக நிரப்பித் தைத்திருக்கிறார். கோட்டு சுருங்கிக்கொண்டே வந்தது, உள்ளேயிருந்த மனுஷியும்.

தராசு வாயைத் திறந்தபடி நின்றார். "எடையைக் குறைச்சுக் காட்ட ஏமாத்தறவங்களைத் தினம் பாக்கறேன். கூட்டிக் காட்ட ஏமாத்தறவங்களை இன்னிக்குத்தான்மா பாக்கறேன்."

சத்தமில்லாமல் போனதைக் கவனித்துக் கேப்டன் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். தரையில் இருந்த குவியலைப் பார்த்தார். "மணலா? நல்லவேளை, சிமெண்ட் இல்ல" என்றார். ஒருவரும் சிரிக்காததால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை ஏறுங்கம்மா" என்றார் தராசு.

அத்தை என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் பாத்துக்குங்க."

நான் திரும்பிக்கொண்டேன். திரும்பி என்ன பயன்? எண்ணைச் சத்தமாகச் சொல்லித்தான் கேப்டனுக்குக் கொடுக்க வேண்டும், அதுவும் ரூல்.

"நாப்பத்தஞ்சு!" என்று கத்தினார் தராசு.

போன முறை வந்தபோது ஐம்பத்தெட்டு. ஒரு லிஃப்டில் பதின்மூன்று கிலோ காணாமல் போனால் எங்கே போயிற்று என்று நான் பிரித்து மேய்ந்திருப்பேன். தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷியை, சீக்கிரம் வாங்க அத்தை என்று விரட்டியிருக்கிறேன். அவ்வளவு மணலையும் சுமந்துகொண்டு அந்த உடம்பு நடந்திருக்கிறது.

பேக்கரிக்காரர் பெல்ட்டை மாட்டியபடி அத்தையிடம் வந்தார். கையைக் கூப்பினார். அத்தை அவரைப் பார்க்கவே இல்லை. "சீக்கிரம் ஏறுங்க, மறுபடி கணக்குப் போட்டுடப் போறாங்க" என்று மட்டும் சொன்னார்.

எடை மாறியதால் இடமும் மாறியது. கனமானவர்கள் இங்கே, லேசானவர்கள் அங்கே என்று துணை பைலட் பெண் விரலை நீட்டி நீட்டி எங்களை உட்கார வைத்தாள். எனக்கும் அத்தைக்கும் நடுவில் நடைபாதை. அது ஒரு ஆள் பக்கவாட்டில் போகிற அகலம்தான், கையை நீட்டினால் தொடலாம். பேக்கரிக்காரர் அத்தைக்குப் பின்னால். எல்லோருக்கும் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தாள். கதவைச் சாத்திவிட்டு, இடுப்பு வாரை இழுத்துப் பார்த்துவிட்டு, முன்னால் போய்க் கேப்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஓட்ட ஆரம்பித்தாள்.

ஜன்னலுக்கு வெளியே விசிறி முதலில் சோம்பலாக ஒரு சுற்று சுற்றும். பிறகு இருமும். பிறகு இலைகள் மறைந்து வெறும் வட்டம் மட்டும் தெரியும். அதன்பின் இறங்குகிற வரை சத்தம், சத்தம், சத்தம்தான். காதால் மட்டுமல்ல, பல்லால், முட்டியால், உட்காருகிற எலும்பால் கேட்கிற சத்தம். முன் இருக்கையின் திருகு ஒன்று நடுங்கிக்கொண்டே இருக்கும். எரிபொருள் வாசனையும் வியர்வையும் பழைய ரெக்ஸினும் கலந்து மூச்சை அடைக்கும். ஓடுபாதை முடிவதற்கு முன் எல்லோருமே வாரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் மேலே எழும்புவார்கள், தங்களால் ஆன உதவி. மரங்கள் சக்கரத்துக்குக் கீழே போயின. எட்டு கிலோ அதிகமாக இருந்திருந்தால் என்று ஒரு கணம் நினைத்தேன்.

மேலே போனபின் அத்தையின் பக்கம் சாய்ந்தேன்.

"என்ன உடம்புக்கு?"

காதைக் காட்டினார். கேட்கவில்லை என்று கை விரித்தார். நான் கத்தினேன்.

"உடம்புக்கு என்னன்னு கேட்டேன்!"

பஞ்சை எடுத்துவிட்டு அவரும் கத்தினார். "தெரியாது!"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"போகல!"

"ஏன் போகல?"

"போனா சொல்லிடுவார்ல!"

பின்னால் இருந்த பேக்கரிக்காரர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முன் வரிசையில் ஒரு அம்மாள் காதில் இருந்த பஞ்சை நன்றாக அழுத்திக்கொண்டாள். ரகசியம் பேசவே முடியாத இடம் அது. வாயைக் காதில் வைத்து ஊதினாலும் பாதி விமானத்துக்குக் கேட்கும், கேட்க வேண்டியவருக்குக் கேட்காது.

அத்தை என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"அவகிட்ட சொல்லாதீங்க! பிரசவம் முடியட்டும்! அப்புறம் எந்த டாக்டர்கிட்ட வேணா வர்றேன்!"

"பாத்தாலே தெரிஞ்சிடுமே அத்தை!"

"உள்ளே ரெண்டு பாவாடை கூடக் கட்டிக்குவேன்! நான் அவளைப் பாத்துக்க வர்றேன் மாப்பிள்ளை! என்னைப் பாத்துக்கன்னு சொல்ல வரல! இது தெரிஞ்சா அவ எழுந்து உக்காந்துடுவா! குழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது!"

கத்திக் கத்தி அவருக்கு மூச்சு வாங்கியது. கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். பிடித்த சட்டைக் கையை விடவில்லை.

விமானம் மலைக்கு மேலே வந்ததும் குலுங்க ஆரம்பித்தது. வெயில் நாளில் எப்போதும் அப்படித்தான். சட்டென்று கீழே விழும், வயிறு மட்டும் மேலேயே நின்றுவிடும். பழகியவன்தான் நான். அன்று தாங்க முடியவில்லை. களைப்பு என்றால் தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை. வீட்டில் ஒருத்தி எழுந்திருக்கக் கூடாது, இங்கே ஒருத்தரால் நிற்க முடியாது, நடுவில் நான் ஒருவன். எனக்கு உதவி வருகிறது என்று நான் கூட்டிக்கொண்டு போவது இன்னொரு நோயாளியை. இப்படி நினைத்தேன். நினைத்ததற்காக வெட்கப்பட்டேன். வெட்கப்பட்ட பிறகும் அப்படியேதான் நினைத்தேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

சரி, பொய் சொல்லிவிடலாம் என்று முடிவு பண்ணினேன். ஏற்கனவே ஐம்பத்தைந்து என்று சொல்லியாகிவிட்டது. அப்போது அது பொய் இல்லை. அதை மாற்றாமல் விட்டால் போதும். புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். குரல் காட்டிக்கொடுத்தால் விமானச் சத்தத்தில் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அத்தையைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், சொல்ல மாட்டேன் என்று. புரிந்துகொண்டார். அந்த முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. விசிறியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இறங்கியதும் விசிறிகள் நின்றன. நின்ற பிறகும் சத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எல்லோரும் வாயைத் திறந்து மூடிக்கொண்டு, ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல், பின்பக்கக் கதவை நோக்கிக் குனிந்து நடந்தோம். அந்த விமானத்துக்கு வெளியிலிருந்து ஏணி வராது. கதவே கீழே மடிந்து படிக்கட்டாகிவிடும். குறுகலான, செங்குத்தான படி. பிடித்துக்கொள்ளக் கம்பிக்குப் பதில் ஒரு சங்கிலி.

நான் முதலில் இறங்கிக் கையை நீட்டினேன். அத்தை வாசலில் வந்து நின்றார். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தார். இரண்டாவது காலை வைத்தார். அதற்கு மேல் கால் வரவில்லை. பின்னால் ஆட்கள் குனிந்தபடி காத்திருந்தார்கள்.

"வாங்க அத்தை, இன்னும் கொஞ்சந்தான்."

"வர்றேன், வர்றேன்" என்றார். வரவில்லை. காலைப் பார்த்தார், யாரோ வேறொருவருடைய காலைப் பார்ப்பது போல. பிறகு என்னைப் பார்த்தார்.

"முடியல மாப்பிள்ளை."

பேக்கரிக்காரர் மேலே இருந்து அக்குளில் கை கொடுத்துத் தாங்கினார். நான் ஒரு படி ஏறி அத்தையை அப்படியே தூக்கினேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கையைக்கூடத் தொட்டதில்லை. தூக்குவதற்காக நான் எடுத்துக்கொண்ட பலத்தில் பாதிகூடத் தேவைப்படவில்லை. தரையில் நிற்க வைத்தேன். கோட்டு தோளில் தொளதொளவென்று தொங்கியது. ஒரு பட்டையில் மிச்சமிருந்த கொஞ்சம் மணல் என் செருப்பின் மேல் உதிர்ந்தது.

என் பையில் போன் அதிர்ந்தது. அவள்தான். விமானச் சத்தம் வீட்டுக் கூரைக்கு மேலே கேட்டதும் கூப்பிடுவாள். நான் தொண்டையைச் செருமி, குரலைத் தயார் பண்ணிக்கொண்டேன்.

"குடுங்க" என்றார் அத்தை.

"நான் பேசிக்கறேன் அத்தை. நான்தான் சொல்ல மாட்டேன்னு சொன்னேனே."

"படியே இறங்க முடியல. இதுல நான் அவளுக்குத் தண்ணி தூக்கி ஊத்தப் போறேனாக்கும். குடுங்க இப்படி."

போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டார். பஞ்சு இல்லாமல் வந்ததில் அவருக்குக் காது சுத்தமாக அடைத்திருந்தது. தான் பேசுவது தனக்கே கேட்காததால் ஓடுபாதை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"அடியே! நான்தான்! உன் வீட்டுக்காரர் சொன்ன எண்ணு பொய்! அவர் சொன்ன பொய் இல்ல, நான் பண்ணின பொய்! நாப்பத்தஞ்சுடி! உடம்புக்கு என்னமோ பண்ணுது, என்னன்னு தெரியல! சமைச்சுப் போட, துவைச்சுப் போட எனக்குத் தெம்பில்ல! உனக்கு ஒண்ணும் செய்ய முடியாதுடி! வந்து உன் பக்கத்துல படுத்துக்கறேன்! அவ்வளவுதான் முடியும்!"

பயணிகள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். மருந்துப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் பெட்டியோடு நின்றார்கள். துணை பைலட் பெண் கதவில் வந்து நின்றாள். அத்தை யாரையும் கவனிக்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"என்னமோ சொல்றா. எனக்கு ஒண்ணும் கேக்கல. என்ன சொல்றான்னு கேளுங்க."

வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அழுகை. அடக்கி அடக்கி அழுகிறாள் என்று தெரிந்தது, வயிறு குலுங்கக் கூடாதே என்று. படுத்திரு, எழுந்திருக்காதே என்றேன். படுத்துட்டுத்தான் இருக்கேன் என்றாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு பேசினாள். குரல் உடைந்திருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக இருந்தது.

"கட்டில்ல சுவரோரம் அம்மாவுக்குன்னு சொல்லுங்க. நான் இந்தப் பக்கம் படுத்துக்கறேன், எனக்கு அடிக்கடி பாத்ரூம் போகணும். என் டாக்டர்கிட்டயே நாளைக்கு அம்மாவையும் காட்டிடலாம். மெதுவா கூட்டிட்டு வாங்க. நடக்க விடாதீங்க."

எனக்கு எங்கே இடம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"என்ன சொன்னா?" என்றார் அத்தை. "எழுந்து உக்காந்துட்டாளா? திட்டறாளா?"

நான் குனிந்து அவர் காதோடு வாயை வைத்தேன். கேட்கவில்லை என்று தலையை அசைத்தார். அதற்குமேல் எனக்கும் கட்டுப்பாடு இல்லை. அத்தனை பேர் நடுவில் நின்று, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட, முழுத் தொண்டையையும் திறந்து கத்தினேன்.

"சுவரோரம் உங்களுக்காம் அத்தை! சுவரோரம்!"

அத்தை என்னையே பார்த்தார். கோட்டின் நுனியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் கையை எட்டிப் பிடித்தார்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. கத்தாதீங்க மாப்பிள்ளை, எல்லாரும் பாக்கறாங்க."